பானைக்குள்ள பேசுத மண்டபம்

...கோளாறு வயர்ல இல்ல தம்பி, வயர்ல இல்லவே இல்ல! அத மட்டும் சொல்லிராதிய. வயர மாத்தி மாத்தித்தான் எங்க வீட்டு ஆளு கையெல்லாம் காப்புக் காய்ச்சிப் போயிருக்கு. கழத்துன பழைய வயரெல்லாம் அந்தா கொல்லையில கெடக்கு பாருங்க, நான் அதுலதான் சேல காயப்போடுதேன். நல்ல கெட்டியான வயரு, ஒரு நொட்ட சொல்ல முடியாது. ஒங்க கம்பெனிச் சவுண்டுப் பெட்டியிலதான் என்னமோ இருக்கு. கோவிச்சுக்கிடாதிய. கோயம்புத்தூர்லருந்து பஸ்ஸுல முழிச்சு வந்த புள்ளைய வாசல்ல வச்சே சண்டைக்கு இழுக்குதாளேன்னு நெனைக்காதிய. உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், கால் ஒண்ணு ஆடும். இதுல உக்காருங்க. அவுக மண்டபத்துல ஏணி மேல நிக்காக. "கம்பெனியிலருந்து பிரேம்சிங்னு ஒரு தம்பி வருவாக, இட்லி குடுத்து வையி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நீ பேசிப் பேசி அவுகள வெரட்டிராத"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. நான் என்ன பேசப்போறேன்? எனக்கு அடுக்களையில தலைக்கு மேல சோலி கெடக்கு.

பாளையங்கோட்டையா நீங்க? அட, அத மொதல்லயே சொல்லப்பிடாதா! நான் கோயம்புத்தூர்க்காரப் புள்ளைன்னு நெனச்சு இம்புட்டு நேரம் பாத்துப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தேன். அப்ப வெக்கப்படாம சாப்பிடணும். மொளகாப்பொடி இருக்கு, எண்ண ஊத்திக்கிடுங்க. என்னது? சத்தமா? எந்தச் சத்தம்? ஓ... அது பக்கத்து வீட்டு ரூபியாக்கா தறி. எங்களுக்குக் கேக்காது தம்பி. நின்னாத்தான் கேக்கும். கரண்டு போயி தறி நின்னுச்சுன்னா, என்னடா ஆச்சுன்னு தூங்குத ஆளு எந்திரிச்சு உக்காந்துருவோம்.

சரி, விசயத்துக்கு வாரேன். நாளைக்குக் காலையில கல்யாணம். யாரு வீட்டுக் கல்யாணம்? மண்டபத்து ஓனரு வேல்சாமி அண்ணாச்சி மக கோகிலா கல்யாணம்! ஊரான் வீட்டுக் கல்யாணத்துல கோளாறு வந்தப்பல்லாம் பொறுத்துக்கிட்ட மனுசன், தன் மக கல்யாணம்னதும் ஒத்தக்கால்ல நிக்காரு. முந்தாநாளு இங்கனயே வந்து உக்காந்து எங்க வீட்டு ஆளுகிட்ட சொன்னாரு. "இசக்கித்துரை, எங்க சம்பந்தகாரரு மேடையில வாழ்த்திப் பேசும்போது பானைக்குள்ள பேசுத மாதிரி கேட்டுச்சுன்னு வையி, மறுநாளே ஒன் பெட்டி, ஒன் ஸ்பீக்கரு எல்லாத்தையும் கழத்தி ஒன் வாசல்ல எறக்கிருவேன். நான் பழைய கொழா ஸ்பீக்கரயே கட்டிக்கிடுதேன்"னு. நான் போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொன்னாரு. முன்னாடியே சொல்லியிருந்தா சீனி போட்டிருக்க மாட்டேன்.

கழத்துனாக் கழத்தட்டும், அதுக்கென்னன்னு கேப்பிய. அங்கனதான் தம்பி விசயமே இருக்கு. அதக் கழத்துனா எங்க வீட்டு ஆளு மறுபடியும் கத்தாருக்குப் போயிருவாக.

அங்கன பெரிய பெரிய மேடைக்குச் சவுண்டு போடுத கம்பெனியில இருந்தாக. பெட்டி தூக்கப் போன ஆளுதான். ஒரு பிலிப்பைன்ஸ்காரரு பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு, அவரு லேப்டாப்புல என்ன பண்ணுதாருன்னு பாத்துப் பாத்துப் படிச்சு, கடைசியில ஒரு அரங்கத்துக்கே இவுக தனியா டிசைன் போட்டுக் குடுக்குத அளவுக்கு வந்துட்டாக. வந்து என்ன செய்ய? வீட்டுக்கு விருந்தாளி மாதிரில்லா வந்து போனாக! லீவுல வந்தா மொத வாரம் தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னு கேப்பாக. அது வெளங்குத நேரத்துக்குக் கெளம்பிருவாக. போன வருசம் நான் ஒரே பிடியா நின்னுட்டேன். "சத்தத்துக்குக் கணக்குப் போடத் தெரிஞ்ச ஆளுக்கு சங்கரன்கோயில்ல சோலியா இல்ல? இங்கன இல்லாத சத்தமா? கல்யாணம், காதுகுத்து, கோயில் கொட, கட்சி மீட்டிங்கு, கட தொறப்பு... வாங்க இங்கன"ன்னேன். வந்தாக. அண்ணாச்சி மண்டபந்தான் மொதப் பெரிய வேல. இப்ப அது கழண்டு வாசல்ல வந்து எறங்குச்சுன்னா வேற எவன் தம்பி இவுகளக் கூப்பிடுவான்? கத்தார்க்காரன் விசாவ வச்சுக்கிட்டு வாரத்துக்கு ஒருக்க போன் பண்ணுதான். "நாளைக்கும் சொதப்புச்சுன்னா நான் போறேன் ஆவுடை, வேற வழியில்ல"ன்னு நேத்து சொல்லிட்டாக. மறுபடியும் நான் போன்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டு... வேண்டாம் தம்பி. எனக்கு அது வேண்டவே வேண்டாம். இன்னும் ரெண்டு இட்லி வைக்கேன்.

ஆனா ஒண்ணு, வீட்டுல இருந்தாலும் அவுக குடும்பம் நடத்துதது என்னமோ லேப்டாப்போடதான். எப்பப் பாத்தாலும் அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு! மண்டபத்த அப்படியே படமா வரைஞ்சு வச்சிருக்காக. தூணு, மேடை, மாடிப்படி, பந்தி போடுத எடம், எல்லாம் அளவு மாறாம. எந்த ஸ்பீக்கர எந்த உசரத்துல எந்தப் பக்கம் சாச்சு மாட்டுனா எங்கன எம்புட்டுச் சத்தம் விழும்னு அதுலயே கலர் கலராக் காட்டுது. சத்தம் ஜாஸ்தின்னா செவப்பு, கம்மின்னா நீலம், அளவா இருந்தாப் பச்ச. ஒங்களுக்குத் தெரியாததா, நான் ஒங்களுக்கே பாடம் எடுக்கேன்! மண்டபம் பூரா பச்சையாகுத வரைக்கும் ஸ்பீக்கர இங்கன தள்ளுததும் அங்கன சாய்க்கதுமா... நாத்து நட்டவன்கூடப் பச்சையப் பாத்து அம்புட்டுச் சந்தோசப்பட்டிருக்க மாட்டான்.

ஒரு நாளு எட்டிப் பாத்தா, எங்க வீடு மாதிரியே ஒரு படம். "என்னங்க இது?"ன்னேன். "சும்மா பழகிப் பாத்தேன். நீ அடுக்களையில நின்னு பேசுனா வீட்டுக்குள்ள எங்கெங்க கேக்கும்னு போட்டுப் பாத்தேன்"னாக. வீடு பூரா செவப்பு தம்பி! மாடி, மச்சு, கக்கூசு, எல்லாம் செவப்பு! நடுவுல பொட்டு வச்ச மாதிரி ஒரே ஒரு பச்ச. "அது எந்த எடம்?"னேன். "பீரோவுக்குள்ள"ன்னாக. சிரிக்கியளே! அவுகளும் இப்படித்தான் சிரிச்சாக. நான் ரெண்டு நாளு பேசல. அதாவது, அவுககிட்ட பேசல.

எல்லாத்தையும் மாட்டி முடிச்ச பொறவு சத்தத்த அளக்கணும்னு என்னயும் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. என்னமோ பாட்டுப் போடப் போறாகன்னு நானும் நல்ல சேலையா உடுத்திட்டுப் போறேன். ஸ்பீக்கர்ல "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தத்தப் போட்டு விட்டுட்டு, விரல் தண்டிக்கு ஒரு மைக்க ஸ்டாண்டுல மாட்டி, சேரு சேராத் தூக்கிட்டு அலையிதாக. அங்கன வைக்காக, லேப்டாப்பப் பாக்காக, தலைய ஆட்டுதாக, அடுத்த சேரு. வாட்ச்மேனு கேஸ் லீக்காகுதுன்னு நெனச்சு மெயின் சுச்ச அமத்திட்டு ரோட்டுக்கு ஓடிட்டாரு! "கேஸு இல்ல அண்ணாச்சி, சத்தந்தான்"னு சொல்லி அவரத் திருப்பிக் கூட்டிட்டு வரதுக்குள்ள போதும் போதும்னு ஆகிப்போச்சு.

பொறவு இன்னொரு வித்த. மேடையில பேசுத சத்தம் பின்வரிசைக்கு வந்து சேர கொஞ்சம் நேரம் புடிக்குமாம். பின்னால மாட்டுன ஸ்பீக்கரு அதுக்கு முன்னாடியே முந்திரிக்கொட்ட மாதிரி பேசிட்டா, ரெண்டு சத்தமும் மோதி ஒண்ணும் வெளங்காமப் போயிருமாம். அதனால பின்னால உள்ளதக் கண்ண மூடித் தொறக்குத நேரம் பொறுத்துப் பேசுன்னு சாப்ட்வேர்ல சொல்லி வைக்கணுமாம். அதச் சொல்லிட்டு என்னயப் பாத்து, "பாத்தியா, ஸ்பீக்கருக்குக்கூட அடுத்த ஆளு பேச்சு வரட்டும்னு பொறுமை இருக்கு"ன்னாக. குத்திக் காட்டுததுதான? நான் கண்டுக்கிடல.

மொதக் கல்யாணம் வந்துச்சு. ஏ அப்பா! ஐயரு மந்திரம் சொல்லுதது பந்திக்கட்டுல நின்ன எனக்கு காதுக்குள்ள வந்து சொல்லுத மாதிரி இருக்கு. பழைய செட்டுல யாராவது மைக்க எடுத்தாலே "கீய்ய்ய்ங்"னு ஒரு ஊள வரும், பச்சப் புள்ளையெல்லாம் வீரிட்டு அழும். அண்ணாச்சி போட்ட மொதக் கண்டிசனே அதுதான், மைக்கு ஊளையிடப்பிடாது. "இடாது அண்ணாச்சி, பெட்டிக்குள்ளயே ஒரு காவக்காரன் இருக்கான். ஊளச் சத்தம் கெளம்புன ஒடனேயே அத மட்டும் புடிச்சு அமுக்கிருவான்"னு இவுக வாக்குக் குடுத்திருந்தாக. அது மாதிரியே ஒரு ஊள வரல. தாலி கட்டியாச்சு. மேளம் நின்னுச்சு. பொண்ணோட தாய்மாமன் வாழ்த்திப் பேச மைக்க வாங்குதாரு... பேசுதாரு... எங்கன பேசுதாரு? பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுதாரு! ஒரு சொல்லு வெளங்கல. மாப்பிள வீட்டாளுக ஒருத்தர ஒருத்தரு பாக்காக. இவுக மொகத்துல ஈயாடல.

சாயந்தரம் என்னமோ லேப்டாப்புல அமத்துனாக, சரியாப் போச்சு. மறுநாளு பேசிப் பாத்தாக, கணீர்னு கேக்கு. அடுத்த கல்யாணம், காலையில நல்லாருக்கு, தாலி கட்டி முடிஞ்சதும் பானை! அதுக்கடுத்த கல்யாணமும் அப்படித்தான். அதோட ஆரம்பிச்சாக வயர மாத்த. பொறவு எர்த்து சரியில்லன்னு மண்டபத்துக்குப் பின்னால பள்ளம் தோண்டி உப்பும் கரியும் கொட்டுனாக. அண்ணாச்சி சும்மா இருப்பாரா? திருஷ்டின்னுட்டாரு. ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்து, குங்குமத்தத் தடவி, ஒங்க பெட்டி தலையிலயே வச்சுட்டாரு. அந்தச் சாறு உள்ள எறங்கி, அதுக்கு எறும்பு வந்து... அந்தச் சவத்து எறும்பத் தொரத்துததே ஒரு வாரச் சோலியாப் போச்சு தம்பி. எறும்பு போச்சு, பானை போவல.

இதுல ஒரு கூத்து கேளுங்க. ராயகிரிப் பக்கம் ஒரு வேதக்கோயிலுக்கும் இவுகதான் சின்னதா ஒரு செட்டுப் போட்டுக் குடுத்தாக. இதே பெட்டி, இதே சாப்ட்வேரு, இதே காவக்காரன். ஞாயித்துக்கெழம பிரசங்கம் வாசல்ல செருப்புக் கெடக்க எடம் வரைக்கும் தெளிவாக் கேக்குதாம். பாட்டு, ஆர்மோனியம், டிரம்மு, எல்லாம் உண்டு, ஒரு கோளாறு இல்ல. அப்ப மண்டபத்துக்கு மட்டும் என்ன கேடு?

மண்டபத்துலயும் எல்லாக் கல்யாணத்துலயும் வரல, கேட்டியளா. நான் வாசுதேவநல்லூர்ல எங்க மதினி வீட்டுக்குப் போயிருந்த சமயம் ரெண்டு கல்யாணம் நடந்துச்சு, ரெண்டும் சுத்தமாக் கேட்டுச்சாம். நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஒண்ணு, அதுவும் அருமையா இருந்துச்சாம். நான் போற கல்யாணத்துலதான் இந்த எளவு வந்து சேருது! எனக்கே மனசுக்கு ஒரு மாதிரி ஆகிப்போச்சு, நம்ம கண்ணுதான் பட்டுத் தொலையுதோன்னு... என்ன தம்பி, சாப்பிடுதத நிறுத்திட்டு என்னயப் பாக்கிய? சட்னி ஒறப்பா? நான் அங்கன போயி என்ன செய்வேனா? நான் என்ன செய்யப்போறேன்! முன்வரிசையில உக்காருவேன், தாலி கட்டும்போது மைக்கப் புடிச்சு குலவை விடுவேன், பந்தியில சாப்பிடுவேன், வெத்தல போடுவேன், வீட்டுக்கு வருவேன்.

குலவை தம்பி, குலவை. நாக்கச் சொழட்டி, இழுத்து விடுவம்லா... கழுத்துல சிலுவ கெடக்கே, ஒங்க வேதக்கோயில் கல்யாணத்துல அந்தப் பழக்கம் இல்ல போலுக்கு, அதான் முழிக்கிய. தாலி ஏறுத நேரம் பொம்பளைய எல்லாம் சேந்து விடணும். எல்லாரும் விடுவாக, ஆனா இழுத்துப் புடிக்கதுக்கு மூச்சு வேணும். சங்கரன்கோயில்ல என் அளவுக்கு இழுத்து விட ஆளு கெடையாது, நான் பீத்திக்கிடல, யாரு வேணும்னாலும் சொல்லுவாக. "ஆவுடைக்கு மைக்கக் குடுங்க, ஆவுடைக்கு மைக்கக் குடுங்க"ன்னு கை மாத்தி கை மாத்தி மைக்கு எனக்கு வந்துரும்.

ஒண்ணு சொல்லட்டா? அவுக கத்தார்ல இருந்த வருசமெல்லாம் நான் கல்யாண வீட்டுக்குத் தனியாத்தான் போவேன். எல்லாரும் ஜோடி ஜோடியா நிப்பாக. போட்டோவுக்குக் கூப்பிடும்போது நான் பந்தி எப்ப போடுவாகன்னு பாக்கத மாதிரி அங்குட்டு நகந்துக்கிடுவேன். போகவே பிடிக்காது. ஆனா தாலி கட்டப் போற நேரம் "ஆவுடை எங்கட்டி, ஆவுடை எங்க"ன்னு தேடுவாக பாருங்க, அந்த ஒரு நிமிசம் நான் இல்லாம அந்தக் கல்யாணம் நடக்காது. அதுக்காவத்தான் போவேன். அப்படிப் பழகுன குலவை.

விட்டுக் காட்டவா? இப்பவா? எதுக்கு, அந்தா மேசையில இருக்க பெட்டியிலயா? அது அவுக பழகிப் பாக்கதுக்கு வச்சிருக்கது, மண்டபத்துல இருக்கதோட கூடப் பொறந்தது. மைக்கு இந்தா. லேப்டாப்பத் தொறங்க, பாஸ்வேர்டு என் பேருதான், கடைசியில ஒரு புள்ளி. வீட்டுல ஒரு நல்லது நடக்காம சும்மா குலவை விடலாமான்னு தெரியல... சரி, கம்பெனி ஆளு வீடு தேடி வந்ததே நல்லதுதான. காதப் பொத்திக்கிடாதிய, அது மொறையில்ல. தள்ளி நில்லுங்க.

...

எப்படி? ஏ, ரூபியாக்கா தறியே நின்னுருச்சு பாருங்க! ஒண்ணுமில்லக்கா! கம்பெனித் தம்பி கேட்டாக, விட்டுக் காட்டுனேன்! இல்லக்கா, எந்தப் புள்ளையும் வயசுக்கு வரல! நீங்க தறிய ஓட்டுங்க!

என்ன தம்பி, லேப்டாப்பையே பாக்கிய? இது என்ன இது... நேராக் கெடந்த கோட்டுல வரிசையாப் பள்ளம் பள்ளமா? நான் விடும்போதா விழுந்துச்சு? இருங்க, பைய சொல்லுங்க. நான் கூறு இல்லாதவ இல்ல, ஆனா பையச் சொல்லுங்க. ஒசரத்துல இழுத்து நிக்க சத்தம் எது வந்தாலும், மைக்கு ஊளையிடுதுன்னு அந்தக் காவக்காரன் நெனச்சுக்கிடுதான்... சரி. அந்தச் சத்தம் வார எடத்துல ஒரு பள்ளத்தத் தோண்டி அமுக்குதான்... சரி. நான் நிறுத்தாம விட விட, அவனும் நிறுத்தாமத் தோண்டுதான். நான் நிறுத்துன பொறவும் பள்ளத்த மூடாம அப்படியே போட்டுட்டுப் போயிருதான். மனுசன் பேச்சு தெளிவாக் கேக்கதுக்கு வேண்டிய சத்தமும் அங்கனதான் இருக்கு. அப்ப அடுத்து வந்து பேசுத தாய்மாமன் பேச்சு மொத்தமும்... அந்தப் பள்ளத்துல போயி விழுது.

அட ஆக்கங்கெட்ட பெட்டியே! ஏழு ஊருல கேட்டுப் பாரு, ஆவுடையம்மா குலவைன்னா என்னன்னு! அத ஊளைங்குதே! கெட்டிமேளத்த ஒண்ணும் சொல்லல, சின்னப் புள்ளைய வீரிடுதத ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் பள்ளம் தோண்டுதா? ஒங்க கம்பெனியில பொம்பளையே கெடையாதா தம்பி? ஒருத்தரு வீட்டுலயும் ஒரு கல்யாணம் நடந்ததில்லையா?

...அப்ப, கோளாறு நாந்தான். வயரும் இல்ல, பெட்டியும் இல்ல, எலுமிச்சம்பழமும் இல்ல. நாந்தான்.

சரி. நல்லதாப் போச்சு, இதவிட சுளுவா என்ன இருக்கு? நாளைக்கு நான் வாயத் தொறக்கலன்னா முடிஞ்சுது. தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிருதேன். அண்ணாச்சி சம்பந்தகாரரு கணீர்னு பேசிட்டுப் போகட்டும். ஒரு குலவைக்காவ எங்க வீட்டு ஆள வெளிநாட்டுக்கு அனுப்ப எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? வருத்தம் இருக்கத்தான் செய்யுது தம்பி, இல்லன்னா பொய்யி. கோகிலாவ நான் கைப்புள்ளையா தூக்குனவ. அவ கல்யாணத்துல வாய மூடி உக்காந்திருக்கது... பரவால்ல. இருந்துக்கிடுதேன்.

இந்தா, அவுகதான் கூப்பிடுதாக. ஹலோ! ஏங்க, கண்டுபிடிச்சாச்சு! ஆமா, தம்பி வந்தாச்சு, சாப்பிடும்போதே கண்டுபிடிச்சுட்டாக! பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான்! நாந்தாங்க, என் குலவைதான். நான் நாளைக்கு விடல, நீங்க நிம்மதியா எறங்கி வாங்க... ஹலோ? கேக்குதா?

என்னது? தெரியுமா? ஒங்களுக்கா? எப்பலருந்து? ரெண்டாவது கல்யாணத்துலருந்தா! லேப்டாப்புல பள்ளத்தப் பாத்த ஒடனேயா! அப்ப எதுக்குங்க வயர மாத்துனிய? எர்த்துக்கு எதுக்குத் தோண்டுனிய? எறும்புக்கு மருந்து... சரி, எறும்பு நெசமாவே இருந்துச்சு, அத விடுங்க. அண்ணாச்சிகிட்ட அம்புட்டு ஏச்சும் வாங்கிட்டு, "ஏட்டி ஆவுடை, நீ குலவை விடாத, அதான் கோளாறு"ன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? எந்த வத்தக்கொழம்பு? ஆமா, உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னிய. கல்யாணமான புதுசுல. ஆமா, அதோட நான் வைக்கல. இன்னைக்கு வரைக்கும் வைக்கலதான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

...என்ன சொன்னிய? இன்னொருக்க சொல்லுங்க. தறி சத்தத்துல கேக்கல.

கேட்டுச்சு. மொதத் தடவையே கேட்டுச்சு. இன்னொருக்க கேக்கணும் போல இருந்துச்சு, அதான். வைக்கேன். நீங்க அங்கனயே இருங்க, எங்கயும் போவாதிய.

என்ன சொன்னாக தெரியுமா தம்பி? "வத்தக்கொழம்பு போனாப் போவுது. ஒன் குலவைய நிறுத்துன்னு என் வாயால சொல்லிட்டா நீ அதையும் அதோட விட்டுருவ. நான் கத்தாருக்கே போயிருவேன், அத மட்டும் சொல்ல மாட்டேன்"ங்காக. விட்டுருப்பேன்தான். நெசமாவே விட்டுருப்பேன். நான் அப்படிப்பட்டவதான்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னு தெரியாத மனுசனுக்கு இது தெரிஞ்சிருக்கு பாருங்க. வேற வழி எதாவது இருக்கான்னு மண்டபத்துல வச்சுத் தனியாக் கேக்கத்தான் ஒங்களயே வரச் சொல்லியிருக்காக. ஒங்ககிட்டயும் வயரு கோளாறுன்னுதான் சொன்னாகளா? சொல்லுவாக, சொல்லுவாக. கூறுகெட்ட மனுசன்! நானும் ஒரு கூறுகெட்டவ! வீடு பூரா செவப்பாகுத அளவுக்குப் பேசுதேன், ரெண்டு பேரும் இத மட்டும் பேசல.

என்ன சொல்லுதிய? முடியுமா? குலவைக்குன்னு தனியா ஒரு மைக்கா? காவக்காரன் கைக்கு எட்டாத வழியா விடலாமா? அட, இத மொதல்லயே சொல்லப்பிடாதா! நான் பேச விடலையா? அதுவும் சரிதான். அப்ப நெச ஊள வராம இருக்க ஸ்பீக்கரு மூஞ்சிக்கு நேரா நிக்காம பின்னால தள்ளி நிக்கணும், அம்புட்டுதான? நிக்கேன்! தூணுக்குப் பக்கத்துல நிக்கச் சொன்னாலும் நிக்கேன். அதுக்கு இப்பவே மண்டபத்துல நான் விட்டு விட்டுக் காட்டணும், நீங்க அளந்து அளந்து வைக்கணும். எத்தன தடவ விடணும்? எத்தன தடவ வேணும்னாலும் விடுதேன் தம்பி, ஒங்க லேப்டாப்புக்கு சார்ஜ் இருந்தாப் போதும். ஒரு ஆளு பத்தாதா, நெறைய பொம்பளைய சேந்து விட்டாத்தான் அளவு சரியா வருமா? ஒரு நிமிசம் பொறுங்க.

ரூபியாக்கா! தறிய அமத்திட்டு வாங்கக்கா! மண்டபத்துக்கு! அடுத்த தெரு பிரேமலதாவையும் வரச் சொல்லுங்க, அவ மதினி வந்திருந்தா அவளும் வரட்டும்! சோலியெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம், எங்க வீட்டு ஆளு கத்தாருக்குப் போகாம இருக்கதுக்கு எல்லாரும் வந்து குலவை விடணும்! நெசமாத்தாங்க்கா! வெளையாடல!

எந்திரிங்க தம்பி, கையக் கழுவுங்க. லேப்டாப்ப எடுத்துக்கிடுங்க, அந்த மைக்க நான் வச்சுக்கிடுதேன். மண்டபம் கூப்பிடுத தூரந்தான், நடந்தே போயிரலாம். போனதும் மொத வேலையா அந்த ஆளக் கீழ எறக்கி, வாய் வலிக்கத வரைக்கும் ஏசப் போறேன். நீங்க குறுக்க வராதிய. ஏசி முடிச்ச பொறவு குலவை. கத்தாருக்குப் போவாகளாம்ல, கத்தாருக்கு! வாங்க, பேசிக்கிட்டே போவோம்.